சோதனைக்கு நோயாளி ஏன் பணம் கட்ட வேண்டும்?

மாரடைப்பில் பிழைத்து வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கக்கூடும். 'அறுவை சிகிச்சை வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் போதும், பழுதடைந்த இதயம் புதிதாக வளரும்' என்று ஒரு காணொளி. கீழே ஒரு தொலைபேசி எண். புலனக் குழுவில் உறவினர் யாராவது அக்கறையோடு அனுப்பியிருப்பார். விலையைக் கேட்டால் பல்லாயிரம் ரிங்கிட் என்பார்கள். ஊழியர் சேமநிதியில் கை வைக்கலாமா, வீட்டை அடகு வைக்கலாமா என்று குடும்பம் கூடிப் பேசத் தொடங்கும்.

இந்தச் செய்தி முழுப் பொய் என்று தள்ளிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது முழுப் பொய் அல்ல. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைக் கொண்டு இதயத் தசையைச் செப்பனிட உலகின் சிறந்த ஆய்வகங்கள் சில இப்போதும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சில நல்ல அறிகுறிகளும் தென்பட்டுள்ளன. ஆனால் ஆய்வகத்தில் நடப்பது ஒன்று, கடையில் விற்கப்படுவது வேறொன்று. இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருத்தணுவால் இதயத்தைச் செப்பனிடுவது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. சோதனையில் தன் உடலைக் கொடுக்கும் நோயாளியிடம் பணமும் வாங்கக்கூடாது. அப்படி வாங்குகிறவர், அவர் சட்டைமேல் எத்தனை பட்டங்கள் தொங்கினாலும், உங்கள் நம்பிக்கைக்கு உரியவர் அல்லர். ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தத் துறையின் கடந்த கால் நூற்றாண்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதயம் ஏன் தானாக ஆறுவதில்லை?

விரலில் வெட்டுப்பட்டால் சில நாளில் தோல் மூடிக்கொள்கிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டித் தானம் கொடுத்தாலும் மீதி வளர்ந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. இதயத் தசைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இடது கீழறையில் ஏறத்தாழ 200 கோடி முதல் 400 கோடி தசை உயிரணுக்கள் உள்ளன. பெரிய மாரடைப்பு ஒன்று வந்தால் சில மணி நேரத்தில் சுமார் 100 கோடி உயிரணுக்கள் மடிந்துவிடும். அந்த இடத்தில் தசைக்குப் பதிலாகத் தழும்பு உருவாகிறது. தழும்பு சுருங்கி விரியாது. மிச்சமுள்ள தசை கூடுதல் சுமையை இழுத்து இழுத்து நாளடைவில் தளர்கிறது. அதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

மனித இதயத்தில் புதிய தசை உயிரணு உருவாகவே உருவாகாதா? இதற்கு 2009ஆம் ஆண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃபிரிசன் குழுவினர் வியப்பான வழியில் விடை கண்டனர். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு கூடியது. 1963இல் ஏற்பட்ட தடை ஒப்பந்தத்திற்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. ஓர் உயிரணு பிறக்கும்போது காற்றில் இருந்த கார்பன்-14 அளவு அதன் மரபணுவில் பதிந்துவிடும். அதை அளந்தால் அந்த உயிரணு எந்த ஆண்டில் பிறந்தது என்று கணக்கிடலாம். இதயத் தசை உயிரணுக்கள் 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடும் 75 வயதில் 0.45 விழுக்காடும் புதுப்பிக்கப்படுகின்றன என்று அவர்கள் கண்டனர்.

ஆகவே, இதயம் தன்னைப் புதுப்பிக்கவே செய்யாது என்பதும் சரியல்ல, மாரடைப்பின் இழப்பை ஈடுகட்டும் அளவுக்குப் புதுப்பிக்கும் என்பதும் சரியல்ல. ஸீப்ரா மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிக்கும் அந்தத் திறன் உண்டு. ஒரு வாரத்தில் அதுவும் அதை இழந்துவிடுகிறது. வளர்ந்த மனிதனுக்கு அந்தத் திறனைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

பதினேழு ஆண்டுகள் ஓடிய தவறான ஓட்டம்

2001ஆம் ஆண்டு ஏப்ரலில் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மாரடைப்பு உண்டாக்கப்பட்ட சுண்டெலியின் இதயத்தில் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களைச் செலுத்தினால், ஒன்பதே நாளில் சேதமடைந்த பகுதியில் 68 விழுக்காட்டைப் புதிய தசை நிரப்பிவிடுகிறது என்றது அது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பியரோ அன்வெர்சா. அப்போது நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் இருந்தவர், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிரிகாம் மருத்துவமனைக்குச் சென்றார்.

இதைக் கேட்ட உலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை. எலும்பு மஜ்ஜையை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கலாம். சொந்த உயிரணு என்பதால் உடல் நிராகரிக்காது. கருவிலிருந்து குருத்தணு எடுப்பதைச் சுற்றி அப்போது அமெரிக்காவில் பெரும் சர்ச்சை நடந்தது. மஜ்ஜையில் அந்தச் சிக்கலும் இல்லை. அறிவியல், அரசியல், அறநெறி மூன்றுக்கும் வசதியான விடை கிடைத்துவிட்டது. அதே ஆண்டிலேயே ஜெர்மனியில் நோயாளிகளுக்கு மஜ்ஜை உயிரணு செலுத்தும் பணி தொடங்கியது.

மூன்றே ஆண்டுகளில் முதல் எச்சரிக்கை வந்தது. 2004இல் அதே 'நேச்சர்' இதழில் இரண்டு குழுக்கள், ஒன்று ஸ்டான்ஃபோர்டு, மற்றொன்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்ததாக எழுதின. மஜ்ஜை உயிரணு இதயத் தசையாக மாறவில்லை. அது ரத்த உயிரணுவாகவே இருந்தது.

அத்தோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அன்வெர்சா குழு, இதயத்துக்குள்ளேயே தனிக் குருத்தணுக்கள் இருக்கின்றன என்று 2003 முதல் சொல்லி வந்தது. அவற்றை எடுத்து வளர்த்து நோயாளிகளுக்கே திரும்பச் செலுத்திய சோதனை ஒன்றின் முடிவு 2011இல் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் வந்தது. 2014இல் வேறு விஞ்ஞானிகள், சுண்டெலிகளில் அந்த வகை உயிரணுக்களுக்கு மரபணு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து, அவற்றிலிருந்து தசை உருவாவது மிக மிக அரிது என்று காட்டினர்.

பிறகு வந்தது சரிவு. தரவுகள் புனையப்பட்டன என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, 2017இல் பிரிகாம் மருத்துவமனையும் அதன் தாய் நிறுவனமும் அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. 2018 அக்டோபரில், அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாமும் அறிவித்தன. 'லான்செட்' கட்டுரை 2019இல் திரும்பப் பெறப்பட்டது.

ஒரு மனிதரின் ஆய்வகத்தை மட்டும் குறை சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. இத்துறையில் நேர்மையாக உழைத்த மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் ஏன் 2004இலேயே நிற்கவில்லை? அவர்களுக்கும் முன்னேற்றம் கண்ணில் பட்டதுதான் காரணம். அந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இன்று வரும் விளம்பரங்களும் அதே முன்னேற்றத்தைத்தான் காட்டுகின்றன.

எண் கூடியது, ஆனால் யாரால்?

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை 'இஎஃப்' என்று மருத்துவர் எழுதுவார். நல்ல இதயத்தில் அது 55க்கு மேல் இருக்கும். மாரடைப்புக்குப் பின் 35, 30 என்று இறங்கும்.

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தபின், சில வாரங்களில் அந்த எண் பலருக்குத் தானாகவே சற்று ஏறும். சாகாமல் மயங்கிக் கிடந்த தசை, ரத்தம் கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது. மாத்திரைகளும் தங்கள் வேலையைச் செய்கின்றன. 2006இல் முடிவு வெளியான பெரிய ஜெர்மன் சோதனையில், மஜ்ஜை உயிரணு பெற்றவர்களுக்கு இஎஃப் 5.5 புள்ளி கூடியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் 3 புள்ளி கூடியது. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால் அந்த 5.5 முழுவதும் குருத்தணுவின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு முன் ஹானோவர் நகரில் நடந்த இன்னொரு சோதனையில், ஆறாம் மாதத்தில் தெரிந்த வித்தியாசம் பதினெட்டாம் மாதத்தில் மங்கிப்போனது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டேரல் பிரான்சிஸ் குழு 2014இல் செய்தது இன்னும் முக்கியமானது. 49 மஜ்ஜை உயிரணுச் சோதனைகள் பற்றிய 133 கட்டுரைகளை அவர்கள் வரிவரியாகச் சரிபார்த்தனர். ஒன்றோடொன்று பொருந்தாத தகவல்கள் 600க்கும் மேல் கிடைத்தன. எந்தச் சோதனையில் முரண்பாடு அதிகமோ அதில் பலனும் அதிகமாகக் காட்டப்பட்டிருந்தது. முரண்பாடே இல்லாத ஐந்து சோதனைகளில் சராசரிப் பலன் எதுவும் இல்லை. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்ட இடத்தில் அதிசயம் காணாமல் போய்விட்டது.

இப்போது உங்களுக்கு வந்த காணொளியைத் திரும்பப் பாருங்கள். ஊசிக்கு முன் இஎஃப் 32, ஆறு மாதம் கழித்து 41 என்று ஒருவர் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் மாத்திரை எடுத்திருப்பார், உப்பைக் குறைத்திருப்பார், சிகரெட்டை விட்டிருப்பார். ஊசி போடாமலிருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று அவராலும் சொல்ல முடியாது, விற்றவராலும் சொல்ல முடியாது. தனி ஒருவரின் சாட்சியம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது ஆதாரம் ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

உண்மையான பாதை எங்கே போகிறது?

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும் சாதாரண உயிரணுவை ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அதற்கு 2012இல் நோபல் பரிசு பெற்றார். ஐபிஎஸ் எனப்படும் அந்த உயிரணுவைச் சரியான பக்குவத்தில் வளர்த்தால், கிண்ணத்திலேயே துடிக்கும் உண்மையான இதயத் தசையாக அது மாறுகிறது. மஜ்ஜை உயிரணு தசையாக மாறுமா என்று ஊகிக்க வேண்டிய தேவை இங்கு இல்லை. உள்ளே வைப்பதே தசைதான்.

ஆனால் சிக்கல்கள் பெரியவை. நூறு கோடி உயிரணு தேவை. அவற்றில் பக்குவப்படாத ஒரு சில கலந்துவிட்டால் கட்டி வளரலாம். அந்நிய உயிரணுவை உடல் தாக்காமலிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து வேண்டும். 2014இல் சியாட்டில் விஞ்ஞானிகள் கருக் குருத்தணுவிலிருந்து உருவாக்கிய தசை உயிரணுக்களைக் குரங்குகளின் இதயத்தில் செலுத்தியபோது, அவை அங்கேயே தங்கி மற்ற தசையோடு இணைந்தன. ஆனால் புதிய உயிரணுக்கள் தங்கள் போக்கில் துடித்ததால் இதயத் துடிப்பு தாளம் தவறியது. இதயத்தில் தாளம் தவறுவது உயிருக்கே ஆபத்து.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வொல்ஃப்ராம் சிம்மர்மன் குழு, உயிரணுவை ஊசியால் செலுத்தாமல், ஆய்வகத்தில் நெய்த தசைத் துண்டை இதயத்தின் மேல் ஒட்டித் தைக்கிறது. 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், குரங்குகளோடு 46 வயதுப் பெண் ஒருவரின் விவரமும் இருந்தது. தசைத் துண்டு வைத்த மூன்று மாதத்தில் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுக்கப்பட்ட பழைய இதயத்தைப் பரிசோதித்தபோது, ஒட்டிய தசை உயிரோடு இருந்தது, அதில் ரத்தக் குழாய்களும் வளர்ந்திருந்தன. அண்டை நாடான சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் கார்ல் டிரிக்வாசன் குழுவும், லாமினின் என்ற புரதத்தின் மேல் இதய உயிரணுக்களை வளர்த்து விலங்குகளில் சோதித்து வருகிறது.

இவை சிறிய அடிகள். ஒரு நோயாளியின் இதயத்தில் தசை ஒட்டியது என்பது, அது ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று அல்ல. அந்தச் சான்று கிடைக்கும்முன் விற்பனைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானே அனுபவித்திருக்கிறது. தொடைத் தசையிலிருந்து எடுத்த உயிரணுக்களால் ஆன இதயத் தகடு ஒன்றுக்கு அந்நாடு 2015இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. விற்றுக்கொண்டே பலனை நிரூபியுங்கள் என்பதே நிபந்தனை. ஒன்பது ஆண்டுகள் கழித்து 2024இல், பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அரசின் நிபுணர் குழு முடிவு செய்தது. கண்டிப்பான மேற்பார்வை உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

பணம் ஏன் எல்லைக்கோடு?

'சாகப்போகிறவருக்குச் சோதனை என்ன, சிகிச்சை என்ன? கையில் காசு இருக்கிறது, முயன்று பார்க்கிறோம். உங்களுக்கு என்ன?' என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தவிப்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது சரியல்ல. பிறருடைய உயிரணுவை ஏற்ற உடலில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். பின்னால் மாற்று இதயம் தேவைப்படும்போது பொருத்தமானது கிடைப்பது அதனால் கடினமாகலாம். ஒரு முறை இத்தகைய ஊசி போட்டவரை முறையான சோதனைகளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்கு நேரும் கேட்டைச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததை நினைவில் வையுங்கள். பார்வை மங்கிய மூன்று மூதாட்டிகள் ஒரு மருந்தகத்தில் கொழுப்பிலிருந்து எடுத்த குருத்தணுவைக் கண்களில் செலுத்திக்கொண்டனர். ஆளுக்கு 5,000 டாலர் கட்டினர். மூவரும் கடுமையான பார்வை இழப்புக்கு ஆளானதை 2017இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அந்தச் சிகிச்சை, அரசு நடத்தும் ஆய்வுப் பதிவேட்டில் ஓர் ஆய்வாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தது, வெள்ளைக் கோட்டும் இருந்தது. சோதனை அல்ல, வியாபாரம் என்று காட்டிக்கொடுத்த அடையாளம் அந்தக் கட்டணச் சீட்டு.

உண்மையான ஆய்வில் மருந்தும் பரிசோதனையும் ஆய்வு நடத்துபவரின் செலவு. பலன் இல்லை என்றால் இழப்பு அவருக்கு. ஆகவே உண்மையை அறிய அவருக்கு அவசரம் இருக்கும். நோயாளி பணம் கட்டும் இடத்தில் பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருமானம் வந்துவிடும். உண்மையைக் கண்டுபிடிக்கும் தேவை அங்கே யாருக்கும் இல்லை. எனவேதான் பணத்தை எல்லைக்கோடாக வைக்கச் சொல்கிறேன். நம் சுகாதார அமைச்சும் இதையே சட்டமாக்க வேண்டும்: நிரூபிக்கப்படாத உயிரணுச் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கினால் உரிமம் போகும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

இது நமக்கு எட்டாத விவகாரம் அல்ல. 2020இல் மலேசியாவில் மருத்துவச் சான்றளிக்கப்பட்ட இறப்புகளில் 17 விழுக்காடு இதயத் தமனி நோயால் நேர்ந்தவை. இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் உறுதியான ஆய்வு முடிவு. அதனால்தான் இந்த வியாபாரம் நம் வீட்டுக் கதவைத் தேடி வருகிறது.

நேரடி விற்பனையில் வரும் 'ஸ்டெம் செல்' பானங்களையும் ஆட்டு நஞ்சுக்கொடி மாத்திரைகளையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வயிற்றுக்குள் போகும் எந்த உயிரணுவும் சாப்பாட்டைப் போல் செரிக்கப்படும். பொட்டலத்தில் அரசின் பதிவு எண் இருந்தாலும், பாரம்பரிய மருந்தாகப் பதிவு செய்யப்பட்டது இதயத்தை வளர்க்கும் என்று பொருளல்ல. கை நரம்பில் ஏற்றும் குருத்தணுவில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கிக்கொள்கிறது. இதயத்தைப் போய்ச் சேர்வது கொஞ்சம்.

அதே வேளையில், நிரூபிக்கப்பட்ட மருந்துகள் பக்கத்து மருத்துவமனையில் இருக்கின்றன. நீரிழிவுக்காக உருவாக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையை, இதயம் தளர்ந்த 4,744 பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். 2019இல் முடிவு வந்தது. நோய் முற்றுவதும் இதய நோயால் இறப்பதும் சேர்ந்து 26 விழுக்காடு குறைந்தன. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. தினம் ஒரு மாத்திரை செய்த இந்த வேலையை, இருபது ஆண்டு மஜ்ஜை ஊசிகளால் செய்ய முடியவில்லை.

ஆகவே அடுத்த முறை அந்தக் காணொளி வந்தால், எண்ணுக்கு அழைக்கும்முன் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த உயிரணு, யாரிடமிருந்து எடுத்தது? போலி ஊசியோடு ஒப்பிட்ட சோதனையில் என்ன முடிவு வந்தது? நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதி போதும், தவறவிட்ட மருத்துவ முன்பதிவுக்குப் போய்வரவும், நிறுத்திவிட்ட மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேட்கவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடிந்த தசையை மீட்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை என்றால், இருக்கும் தசையைச் சாகவிடாமல் காப்பதே இன்று நம்மால் முடிந்த பெரிய செப்பனிடும் வேலை. நெஞ்சு இறுகினால் வாயு என்று தைலம் தேய்த்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். நீங்கள் காக்கும் ஒவ்வொரு நிமிடமும் எந்த ஆய்வகமும் இன்றுவரை திருப்பித் தர முடியாத உயிரணுக்களை மிச்சப்படுத்தும்.